பதினாறு தட்டிப் பாதை

சுங்கை பினாங்கில் ஆற்றோரத்துப் பலகை வீடுகளில் வளர்ந்தவர்களுக்குச் சேற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும். ஆறு போக வழியில்லாமல் நம் கொல்லைக்குள் வந்துவிட்டுப் போகும். தண்ணீர் வடிந்த பிறகும் நான்கு நாளைக்குக் கறுப்புக் களி காலைப் பிடித்து இழுக்கும். அதன் வாடை உங்களுக்கு நினைவிருக்கும்: அழுகிய தென்னை மட்டையும் மீன் செதிலும் கலந்த மாதிரி. இப்போது அங்கே போய்ப் பார்த்தால் எல்லாம் சிமெண்டு. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் இதை அவர்களுக்காக எழுதவில்லை. அந்தச் சேற்றில் கால் வைத்த உங்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அப்பா போட்ட பாதையின் அருமை உங்களுக்குத்தான் தெரியும். நான் செய்த காரியமும் உங்களுக்குத்தான் விளங்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஜப்பான்காரன் வருவதற்கு ரொம்ப முந்தி. துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் எங்கள் அப்பா. நாள் முழுக்கக் கத்திக் கத்தி வீட்டுக்கு வரும்போது தொண்டையில் சத்தமே இருக்காது. வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், சுருட்டு பிடிப்பார். என்னிடம் பேசுவதென்றால், "தண்ணி கொண்டா", "விளக்கைத் தூண்டு", அவ்வளவுதான். கோபக்காரர் என்று சொல்ல மாட்டேன். பேச்சுக்கு வழி தெரியாத மனிதர்.

அந்த ஆடி மாதம் அம்மாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. மூச்சில்லாமல் பிறந்தது. அம்மா இரண்டு நாள் ஜன்னியில் கிடந்தாள். அவள் கண் திறப்பதற்குள் அப்பா குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்துவிட்டார். பார்த்தால் அவளுக்கு மனசு தாங்காது என்று நினைத்துச் செய்தார். அம்மா விழித்ததும் முதலில் கேட்டது, "எங்க?" என்றுதான். அப்பா வாசலில் நின்றபடி, "ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்றார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அம்மா அப்பாவிடம் நேரே பேசவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. "அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்பாள் என்னிடம். அப்பா பக்கத்து அறையில்தான் இருப்பார், காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்து வருவார். "உங்கம்மா மருந்து குடிச்சாளான்னு கேளு" என்பார். நான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பெரிய மனுஷியாகிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம்.

அம்மாவின் கால்களில் நீர் கோத்து வீங்கிவிட்டது. அழுத்தினால் குழி விழும், மேலே வர நேரமாகும். பெரியாஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக வேலை பார்த்த டிரெஸ்ஸர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே குடியிருந்தார். அவர் வந்து பார்த்தார்.

"இப்படிப் படுத்தே கெடந்தா வீக்கம் வடியாது. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை நடக்க விடுங்க. வீட்டுக்குள்ள இல்ல, காத்துப்படற எடத்துல" என்றார். கொல்லையைப் பார்த்தார். "ஆனா இந்தச் சேத்துல வழுக்கி விழுந்தா அவ்வளவுதான், சொல்லிட்டேன். வண்டி, படகு எல்லாம் இப்போதைக்கு வேணாம்லா. குலுங்கக் கூடாது."

அப்பா கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்வாசல் படியிலிருந்து ஆற்றோரச் சந்துக்குப் போகிற படல் வரை நாற்பத்தெட்டு அடி. அதற்கு நடுவில் ஒரு கொய்யா மரம், கொஞ்சம் மரவள்ளி, மிச்சமெல்லாம் களி.

முதலில் அவர் செங்கல்தான் போட்டார். எங்கேயோ இடித்த கட்டடத்துச் செங்கல், இரண்டு வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுக்கினார். அடுத்த கடல் ஏற்றத்துக்கு வரிசை கோணிக்கொண்டது. அதற்கடுத்த ஏற்றத்துக்குப் பாதிச் செங்கல் களிக்குள் போய்விட்டது. அப்பா குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கெராங் சிப்பி அவித்து விற்கிற சீனக் கிழவர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கையில் இருந்த செங்கலைக் காட்டிக் கீழே போவது போல் சைகை செய்தார். பிறகு தன் குடிசைக்கு முன்னால் கிடந்த மூங்கில் படலின் மேல் ஏறிக் குதித்துக் காட்டினார். படல் அசைந்தது, அமுங்கவில்லை. கனமாக எதைப் போட்டாலும் இந்தக் களி வாங்கிக்கொள்ளும், லேசாகப் போட்டால்தான் நிற்கும் என்பது அப்பாவுக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

மறுநாள் முதல் வீடு ஒரு பட்டறையாகிவிட்டது. மண்ணெண்ணெய் டின்கள் வருமே, இரண்டு இரண்டாக மரப்பெட்டியில், அந்தப் பெட்டிகள் கிட்டங்கியில் உடைந்து கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் பலகைகளை ஒரு மாட்டு வண்டி நிறையக் கொண்டுவந்தார். தேங்காய் மட்டை கொண்டுவந்தார். ஆற்றோரத்து மின்சார நிலையத்துக்குப் பின்னால் நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிவைத்திருப்பார்கள். அங்கே என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கூடையில் அள்ளினோம். மேலே ஆறியிருக்கும், உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பு. அப்பாவோடு நான் தனியாக வெளியே போனது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும்போது கூடை கனத்தது. "கை வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார். கண்ணு என்று அவர் என்னைக் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

வேலை இப்படி. முதலில் புல்லைச் செதுக்கி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டினார். அதில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து நெருக்கி அடுக்கி, மேலே சாம்பல் கொட்டி மிதித்தோம். தண்ணீர் வந்தால் மட்டைக்கு அடியில் ஓடி வடிந்துவிடும். அதற்கு மேல் தட்டிகள். மூன்றடி நீளத்தில் இரண்டு மூங்கில், குறுக்கே பெட்டிப் பலகையைக் கிழித்த சட்டங்கள். மூங்கிலில் நேரே ஆணி அடித்தால் பிளந்துவிடும். அதனால் அடுப்பில் கம்பியைக் காய்ச்சி முதலில் ஓட்டை போட வேண்டும். சர்ரென்று புகை வரும். சுட்ட மூங்கிலின் வாசனையும் பலகையில் ஊறிய மண்ணெண்ணெய் வாடையும் கலந்து என் பாவாடை முழுக்க ஏறிக்கொள்ளும். பழைய ஆணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. நிமிர்ந்ததைப் பால் டின்னில் போடுவேன். டிங் என்று விழும். அப்பா திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார். எத்தனையோ பரிசு வாங்கியிருக்கிறேன், அந்தத் தலையாட்டலுக்கு ஈடாகாது.

ஒரு தட்டியை நானே தனியாகத் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. மொத்தம் பதினாறு வேண்டும்.

ஒரு நாள் காலையில் அம்மா எழுவதற்கு முன்பு அப்பா அவளுடைய மிதியடியைக் கொல்லைக்கு எடுத்துவந்தார். மரத்தில் செய்து மேலே ரப்பர் பட்டை அடித்த மிதியடி, நாம் எல்லோரும் போட்டதுதான். அதன் முனையைச் சட்டங்களின் இடைவெளியில் வைத்துப் பார்த்தார். முனை உள்ளே போயிற்று. அதுவரை முடித்திருந்த மூன்று தட்டிகளையும் பிரித்துப்போட்டு, இடைவெளியைக் குறுக்கி மறுபடி அடித்தார். "முனை மாட்டிச்சுன்னா விழுந்துருவா" என்றார். மிதியடியைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அம்மாவுக்கு அது தெரியாது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

அம்மாவுக்கு ஒரே அக்கா. எனக்குப் பெரியம்மா. அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை கிடையாது. தாயில்லாமல் வளர்ந்த அம்மாவை எடுத்து வளர்த்தவள் அவள்தான். அந்தத் தோட்டத்திலிருந்து கீரை விற்கிற ஒரு அக்கா மூன்று வாரத்துக்கு ஒருமுறை சம்பான் படகில் ஏறி எங்கள் பக்கம் வருவாள். அப்பா வேலைக்குப் போன பிறகு வருவாள், வெயில் ஏறுமுன் போய்விடுவாள்.

ஒரு புதன்கிழமை கூடையை இறக்கியதும் அவள் சொன்னாள்: "தங்கச்சி, ஒங்க அக்காவுக்கு ஒடம்பு நல்லால்ல. காச்சல் விட்டு விட்டு அடிக்குது. வேலைக்குப் போறதில்ல. ஒன்னையப் பாக்கணும் பாக்கணும்னு பொலம்புது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கீரைக்கார அக்கா போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அப்பா வந்ததும் சொல்லணும். பெரியம்மாவுக்குக் காச்சலாம். ஒரே ஒரு தடவ என்னைப் படகுல கூட்டிட்டுப் போகச் சொல்லு. அந்த டிரெஸ்ஸர் சொன்னதெல்லாம் பாக்க வேணாம்னு சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு. மறக்க மாட்டியே?"

"மறக்க மாட்டேம்மா."

மறக்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்லிவிட வேண்டும். நான் மறந்துபோனேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தேன், ஒட்டவில்லை. அன்று சாயங்காலம் அப்பா ஒரு சின்னச் சுத்தியலோடு வந்தார். "ஒனக்குத்தான். பெரிய சுத்தி ஒன் கைக்குக் கனம்" என்று கொடுத்தார். "வர்ற ஞாயிறு நாலு தட்டி முடிச்சுரலாம், என்ன?" என்றார். என் வாயில் அம்மா சொன்ன சொல் இருந்தது. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் படகில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் டிரெஸ்ஸர் வீட்டில் விடப்படுவேன். சுத்தியல் சும்மா கிடக்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அம்மா கேட்டாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

கொல்லையில் அடுக்கியிருந்த பலகைகள்தான் என் கண்ணில் பட்டன. "பாதை போட்டு முடியட்டும்னாரு" என்றேன்.

அம்மா அதை நம்பினாள். அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அவள் தனக்குள்ளே தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி. நடந்து பழகின பொறவு கூட்டிட்டுப் போவாரு போல" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா மாறிவிட்டாள். காலையில் எழுந்து தலை வாரிக்கொண்டாள். பின்வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் என்னைக் கேட்பாள்: "இன்னும் எத்தனை தட்டி?"

"ஒன்பதும்மா."

"இன்னும் எத்தனை?"

"ஆறு."

அப்பாவின் காதில் அது விழுந்தது. அவர் கையில் ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. என் பக்கம் குனிந்து ரகசியமாக, "பாத்தியா, கேக்க ஆரம்பிச்சுட்டா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, புகை என்று துடைத்துக்கொண்டார். அம்மாவுக்குப் பாதை பிடித்துவிட்டது என்று நினைத்தார். அதற்கப்புறம் வேலைநாள் சாயங்காலங்களிலும் இருட்டும் வரை அடித்தார். கிட்டங்கியில் நாள் முழுக்க நின்ற கால்களோடு, சேற்றில் முழங்காலிட்டுக்கொண்டு, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு அடித்தார். அப்பா பாடுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஒருவருக்கு ஒருவர் அவ்வளவு கிட்டே வந்திருந்தார்கள். நடுவில் நான் இருந்தேன்.

பதினாறாவது தட்டி முடிந்த அன்று நான் இன்னொன்று செய்தேன். முடிந்துவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. "அப்பா, ரெண்டு பக்கமும் கெராங் ஓடு பதிச்சா வெள்ளையா அழகா இருக்கும்ப்பா. அம்மாவுக்கு ஓரம் தெரியும்" என்றேன்.

அப்பா யோசித்துப் பார்த்து, "அட ஆமா" என்றார். சீனக் கிழவரிடம் போய்க் கேட்டோம். அவர் வீட்டுக்குப் பின்னால் குவிந்திருந்த ஓட்டு மேட்டைக் காட்டி, "அம்பில், அம்பில்" என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். அள்ளிக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பதித்தோம். அதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

அந்த இரண்டு வாரத்தின் நடுவில் கீரைக்கார அக்கா மறுபடி வந்தாள். "இப்பல்லாம் ஒங்க அக்காவால எழுந்து ஒக்காரக்கூட முடியல தங்கச்சி" என்றாள்.

அம்மா தன்னுடைய கம்பளித் துணியையும் ஒரு ஜாடி நாரத்தங்காய் ஊறுகாயையும் அவளிடம் கொடுத்தாள். "வர்றேன்னு சொல்லுங்கக்கா. பாதை முடிஞ்சதும் வந்துருவேன்னு சொல்லுங்க."

"எந்தப் பாதை?" என்றாள் கீரைக்கார அக்கா.

அம்மா பின்வாசலைக் காட்டினாள். கீரைக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நான் அடுப்படியில் கெராங் ஓடுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பாதை முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். முதல் நாள் பெய்த மழையில் கொல்லை முழுக்கத் தண்ணீர் மினுமினுத்தது. நடுவில் பாதை மட்டும் காய்ந்து, இரண்டு ஓரமும் வெள்ளை வெள்ளையாகப் பல் வரிசை மாதிரி இருந்தது. அம்மா விடியற்காலையிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அரக்குச் சேலை கட்டியிருந்தாள். அறையில் பாயின் மேல் ஒரு துணி மூட்டை இருந்தது. பெரியம்மாவைப் பார்க்கப் போகத்தான் கட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்பா கொய்யா மரத்தடியில் நின்றார். அம்மா படியிறங்கி முதல் தட்டியில் காலை வைத்தாள். தட்டி கிறீச்சென்றது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டியில் என் தோளை விட்டுவிட்டாள். மிதியடி டக் டக்கென்று கேட்டது. எங்கும் முனை மாட்டவில்லை. பதினாறாவது தட்டி வரை போய்ப் படலின் கொக்கியில் கை வைத்தாள். அங்கே நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா. அவரிடம் நேரே பேசிய வார்த்தை. மூன்று மாதத்துக்குப் பிறகு. அப்பாவின் முகம் அப்படியே பூத்துவிட்டது. அவள் கொக்கியை விடாமல், "சரி, இப்ப?" என்று கேட்டாள்.

"இப்ப என்ன, அப்படியே திரும்பி நட. காலையில ரெண்டு தடவை, சாயங்காலம் ரெண்டு தடவை" என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒரு கெராங் ஓடு கோணியிருப்பது போலக் குனிந்து அதைச் சரி செய்தேன். படலின் கொக்கியை அவள் விடும் சத்தம் கேட்டது. திரும்பி நடந்தாள். அன்று மத்தியானம் தகரப்பெட்டியை மூடும் ஓசை வந்தது. மூட்டையைப் பிரித்து உள்ளே வைத்துவிட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு அறைக்கும் நடுவில் எட்டு அடிகூட இருக்காது. ஆனால் அதற்குள் என் பொய் பெரிதாகிவிட்டது. சொன்னால் அப்பா கண்ணு என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார் என்று பயந்தேன். கீரைக்கார அக்கா அடுத்து வரும்போது பெரியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லிவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று சாமி படத்துக்கு முன்னால் தினமும் வேண்டிக்கொண்டேன்.

கீரைக்கார அக்கா வரவில்லை. மழை, காற்று, சம்பான் ஓடவில்லை என்றார்கள். பாதை முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். நாங்கள் அறியாதவர். அன்றும் ஞாயிறு, அப்பா ஒரு தட்டியின் சட்டத்தை இறுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். பெரியம்மா வியாழக்கிழமை போய்விட்டாள். காற்று நிற்கும் வரை யாரும் கடலைத் தாண்ட முடியவில்லை. அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள்.

அப்பா சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "போயிருச்சா? எப்படி? ஒடம்பு சரியில்லாம இருந்துச்சா? எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே! ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா இவளைத் தூக்கிக்கிட்டாவது வந்திருப்பேனே!"

பின்வாசலில் நின்ற அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவு பெரிய பொய்யை முகம் மாறாமல் சொல்கிற ஒரு மனிதனைப் பார்க்கிற பார்வை அது. அப்பா அதைத் துக்கம் என்று நினைத்தார். கிட்டே போய், "வா, இப்பவே போகலாம். அந்த எடத்தையாவது பாத்துட்டு வரலாம்" என்றார்.

"இனிமே எதுக்கு" என்றாள் அம்மா. உள்ளே போய்விட்டாள்.

நான் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கையில் ஆணி டின் இருந்தது.

அதற்கப்புறம் அம்மா அந்தப் பாதையில் நடந்தாள். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. ஒரு நாள் தவறாமல் நடந்தாள். மருந்து குடிப்பதைப் போல நடந்தாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. டிரெஸ்ஸர் வந்து பார்த்து அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா யார் வந்தாலும் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதையைக் காட்டுவார். பெரிய கடல் ஏற்றம் ஒன்றில் தட்டிகள் மிதந்து கிளம்பிவிட்டன. அப்பா இடுப்பளவு தண்ணீரில் ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கட்டினார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் உளுத்த சட்டங்களை மாற்றினார். கூப்பிட்டால் நான் தலைவலி என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பழையபடி "தண்ணி கொண்டா" என்றாகிவிட்டது.

அம்மா அவரிடம் பேசினாள். "சோறு ஆச்சு." "வெந்நி காஞ்சிருச்சு." "அரிசி தீந்துருச்சு." கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நல்ல குடித்தனமாகத்தான் தெரிந்தது. அப்பா மட்டும் எப்போதாவது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே சுருட்டு அணைந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

எனக்குக் கல்யாணமாகி, ஜப்பான்காரன் வந்து போய், என் முதல் பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போது அப்பா படுத்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நான் பிள்ளையோடு போய்க் கூட இருந்தேன். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. முதுகைத் தேய்த்துவிடுவாள், கஞ்சி ஊட்டுவாள், துணி மாற்றுவாள். பேசமாட்டாள்.

ஒரு மத்தியானம் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அன்று கண் தெளிவாக இருந்தது.

"ஒங்கம்மாவுக்கு என்மேல என்ன கோவம்? எத்தனையோ வருஷமா யோசிக்கிறேன். அந்தப் புள்ளையக் காட்டாமப் பொதைச்சேனே, அதானா?"

ஒன்பது வயதுப் பிள்ளையைப் போலவே என் வாய் திறந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அம்மா சுபாவமே அப்படித்தான்."

"காட்டியிருக்கணும்" என்றார் அவர். "தப்புப் பண்ணிட்டேன்." தான் செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து, செய்த ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அம்மா அழவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாம் நாள் அடுப்படியில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கீரைக்கார அக்கா வந்த புதன்கிழமை, சின்னச் சுத்தியல், பாதை முடியட்டும் என்று நானாகச் சொன்னது, கெராங் ஓட்டுக்கு ஆன இரண்டு வாரம், ஒன்றையும் விடவில்லை. அப்பாவுக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னிடம் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

முறம் அவள் மடியில் அசையாமல் இருந்தது. "அப்ப ஒனக்கு எத்தனை வயசு?" என்றாள்.

"ஒம்பதும்மா."

"ம். சின்னப் புள்ள." ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "இப்ப?"

"இருவத்தாறு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"ரெண்டு வாரம் முந்திச் சொல்லியிருக்கலாமேடி. அவரு காது கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஒரு சத்தம் எழுந்தது. முதலில் எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. அப்பா போய் ஒன்பது நாளைக்குப் பிறகு அம்மா அவருக்காக அழுதாள், அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு. என் பிள்ளை பயந்துபோய் என் மடியில் ஏறிக்கொண்டான். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். தட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?